ஏரி மண், பனையோலை, நைட் ஷிஃப்ட்

1767-ஆம் ஆண்டு தாமஸ் பர்னார்ட் என்ற கம்பெனிப் பொறியாளர் செங்கல்பட்டு ஜாகீரை அளக்கத் தொடங்கினார். ஆற்காடு நவாப் முகமது அலி 1763-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த நிலப்பகுதி அது. 1774 வரை அளவை நடந்தது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்கள். ஒவ்வோர் ஊரிலும் நன்செய் எவ்வளவு, புன்செய் எவ்வளவு, ஏரி எவ்வளவு, தோப்பு எவ்வளவு, குடியிருக்கும் மனை எவ்வளவு, என்னென்ன தொழில் செய்யும் எத்தனை குடும்பங்கள் என்று கணக்கெடுத்தார்கள். அந்தக் காலத்து ஓலைக்கணக்குகளில் ஒரு பகுதி இன்று தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. தரம்பால் எழுதிய பிறகுதான் இப்படியோர் ஆவணம் இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியவந்தது.

மென்பொருள்காரனின் பழக்கதோஷம், எந்த அட்டவணையைப் பார்த்தாலும் எண்களுக்கு முன்னால் தலைப்புகளைத்தான் பார்ப்பேன். எதை எதோடு சேர்த்து எண்ணினார்கள் என்பது எண்களைவிட அதிகம் சொல்லும். இந்தக் கணக்கில் ஏரியும் வீட்டு மனையும் ஒரே அட்டவணையில் இருக்கின்றன. இன்றைக்கு ஒன்று பொதுப்பணித் துறை சமாச்சாரம், மற்றொன்று வீட்டுக்கடன் சமாச்சாரம். அன்றைக்கு அப்படியில்லை.

"பாரம்பரிய வீடுகள் இயற்கையோடு இயைந்தவை" என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். தவறில்லை. ஆனால் எந்த இயற்கை, யாருடைய உழைப்பில், யாருக்கு எவ்வளவு அனுமதி என்றெல்லாம் கேட்காவிட்டால் அது ரிசார்ட் விளம்பர வாசகமாகத்தான் போய் முடியும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாக வாலாஜாபாத் வரை நான் பார்த்த அளவில், இந்தப் பக்கத்து வீட்டுக்கு இயற்கை என்றால் ஏரிதான். நெல் ஏரியின் ஒரு விளைச்சல் என்றால் வீடு இன்னொரு விளைச்சல்.

பாலாற்றை விட்டால் இங்கே சொல்லிக்கொள்ளும்படி ஆறு கிடையாது. மழையில் பெரும்பகுதி அக்டோபருக்கும் டிசம்பருக்கும் நடுவில் கொட்டித் தீர்த்துவிடும். மிச்ச மாதங்களுக்கு அதைத் தேக்கியாக வேண்டும். லேசாகச் சரியும் நிலத்தில் மூன்று பக்கம் கரை போட்டு, தண்ணீர் வரும் மேட்டுப் பக்கத்தைத் திறந்துவிட்டால் அது ஏரி. நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து உபரி செம்பரம்பாக்கத்துக்கு. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து உபரி அடையாற்றுக்கு. இந்தச் சங்கிலிக்குள் ஊர் உட்கார அதிக இடமில்லை. ஏரிக்குள் கட்ட முடியாது. ஆயக்கட்டில் கட்டினால் நெல் போய்விடும். ஆகவே பாசனத் தண்ணீர் ஏறாத மேட்டில்தான் நத்தம். தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள ராஜராஜன் கல்வெட்டுகள் ஊர்களின் வரி நிலத்தைச் சொல்லும்போது ஊர்நத்தம், சேரி, குளம், வாய்க்கால், சுடுகாடு எல்லாவற்றையும் கழித்துவிட்டுத்தான் மிச்சத்தைச் சொல்கின்றன. 'கிராம நத்தம்' என்ற சொல் இன்றைக்கும் பத்திரங்களில் வருகிறது.

கோடையில் ஏரி வற்றியதும் வண்டல் எடுப்பார்கள். கொஞ்சம் வயலுக்கு, கொஞ்சம் குயவருக்கு, கொஞ்சம் சுவருக்கு. மண்ணில் தண்ணீர் விட்டு, வைக்கோலைத் துண்டு போட்டுக் கலந்து, மிதித்துப் புளிக்கவிட்டு, ஒரு முழ உயரத்துக்குச் சுவர் வைப்பார்கள். அது காய்ந்த பிறகுதான் அடுத்த முழம். அவசரப்பட்டால் சரிந்துவிடும். உத்திரத்துக்கும் வாரைக்கும் வயிரம் பாய்ந்த பனை. கூரைக்குப் பனையோலை, தென்னங்கீற்று, விழல், எது கிடைக்கிறதோ அது. வசதி வந்தால் குயவர் சூளையின் நாட்டு ஓடு. தரைக்குச் சாணம்.

வல்லக்கோட்டைப் பக்கம் ஒரு காலத்தில் கூரை வேய்ந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் ஏதோ பெரிய தொழில்நுட்ப ரகசியத்தை எதிர்பார்க்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்துவிட்டார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. அறுப்பு முடிஞ்சா வைக்கலு இருக்கும், ஆளுக்கு வேலை இருக்காது, ஏரியில தண்ணி இறங்கியிருக்கும். வீட்டு வேலைய அப்ப பாக்காம எப்ப பாக்குறது?"

இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. மண், வைக்கோல், ஓலை, வேலையில்லாத கைகள் எல்லாம் ஒரே மாதங்களில் ஒன்றாகக் கிடைத்தன. தென்னங்கீற்று ஓரிரு வருடம்தான் தாங்கும், பனையோலை இன்னும் சில வருடம். மண்சுவரின் அடி ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கரையும். பழுதாவது அதன் குறையில்லை. வருடாவருடம் பழுது பார்ப்பார்கள் என்று நம்பித்தான் அந்த வீடு வைக்கப்பட்டது.

இனி அது எப்படி வேலை செய்தது என்று பார்க்கலாம். ஸ்ரீபெரும்புதூர் ஏறத்தாழ 13 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் உச்சிப்பொழுதில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் நிற்கும். மே மாதக் கத்திரியிலும் உச்சியை விட்டு அதிகம் விலகுவதில்லை. அதாவது இங்கே வீட்டின் மீது விழும் வெயிலில் பெரும்பங்கு சுவரில் விழுவதில்லை, கூரையில்தான். குளிர் நாட்டு வீட்டில் சுவரைப் பற்றி யோசிப்பவன் இங்கே வந்தால் முதலில் கூரையைப் பற்றி யோசிக்க வேண்டும். ஓலைக்கூரை என்பது அடுக்கடுக்காகச் சிறைப்பட்ட காற்று. வெப்பம் அதைத் தாண்டி உள்ளே வரச் சிரமப்படும். நாட்டு ஓட்டை இரண்டு அடுக்காக, ஒன்று நிமிர்ந்தும் ஒன்று கவிழ்ந்தும் போடுவதால் அதன் இடுக்குகளில் காற்று நடமாடும். கூரை செங்குத்தாகச் சரிவது ஐப்பசி மழைக்காக. எரவாணம் தலை இடிக்கும் அளவுக்குத் தாழ்ந்திருப்பது சுவரில் வெயிலும் சாரலும் படாமலிருக்க. மண்சுவருக்குத் தண்ணீர்தான் எமன், அதனால் குடை பெரிதாக இருந்தது.

சுவர் ஒன்றரை அடி கனம். அவ்வளவு மண்ணைத் தாண்டி வெளிச்சூடு உள்ளே வரச் சுமார் 12 மணி நேரம் ஆகும். மதிய வெயிலின் சூடு உள்பக்கம் வந்து சேரும்போது நள்ளிரவு ஆகியிருக்கும். நள்ளிரவில் யார் உள்ளே இருந்தார்கள்? கோடையில் ஆண்கள் திண்ணையிலும் வாசல் கயிற்றுக் கட்டிலிலும், பெண்களும் குழந்தைகளும் தாழ்வாரத்திலோ முற்றத்திலோ படுப்பார்கள். பகல் முழுக்க வயலில் இருப்பவர்கள், மதியத்தில் மட்டும் கொஞ்சம் ஒதுங்குவதற்காக அமைந்த வீடு அது. அந்த மதிய நேரத்தில் அது குளுகுளுவென்று இருந்தது. வீடு வெயிலுக்கு மட்டும் பொருந்தவில்லை, அதில் இருந்தவர்களின் வேலை நேரத்துக்கும் பொருந்தியது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆனால் மண்சுவரை எல்லாரும் விரும்பித்தான் வைத்தார்களா என்றால், இல்லை. ஆனைமங்கலம் ஊரை நாகப்பட்டினம் புத்த விகாரைக்குக் கொடுத்த சோழர் செப்பேடு, நாம் லெய்டன் செப்பேடு என்று சொல்வது, தானத்தோடு சேர்த்துக் கொடுக்கும் உரிமைகளைப் பட்டியலிடுகிறது. சுட்ட செங்கல்லால் மாட மாளிகை எடுத்துக்கொள்ளலாம் என்பது அதில் ஒன்று. ஸ்ரீபெரும்புதூருக்கு வடமேற்கே உள்ள திருவாலங்காட்டின் செப்பேட்டிலும், முதலாம் ராஜேந்திரன் காலத்தது, இதே உரிமை வருகிறது. கொங்கு நாட்டில் கோனேரின்மைகொண்டான் என்ற பெயரில் வந்த ஓர் அரசாணை, கம்மாளர்கள் நன்மை தீமைகளில் இரட்டைச் சங்கு ஊதலாம், செருப்பு அணியலாம், தங்கள் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்கிறது. அரசன் ஆணை போட்டு அனுமதிக்க வேண்டுமென்றால், அதற்கு முன்னால் நிலைமை என்னவென்று நாமே ஊகிக்கலாம்.

ஆக, செங்கல்லும் சுண்ணாம்பும் காசு விஷயம் மட்டுமில்லை, தகுதி விஷயம். நத்தத்தின் மேட்டிலும் எல்லாருக்கும் சம பங்கு கிடையாது. ராஜராஜன் கல்வெட்டிலேயே ஊர்நத்தம் வேறு, பறைச்சேரி வேறு என்றுதான் இருக்கிறது. பல ஊர்களில் சேரி இருந்த இடம் ஊரைவிடத் தாழ்வு. மழைக்காலத்தில் முதலில் தண்ணீர் நிற்பது அங்கேதான். திண்ணையைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் அதில் யார் யார் உட்கார முடிந்தது என்பதையும் ஒரு வரி சேர்த்து எழுதலாம். ஓலைக்கு இன்னொரு பயமும் உண்டு. ஒரு வீட்டில் பொறி பறந்தால் தெருவே போய்விடும்.

அதனால் 'மெத்தை வீடு' கட்டுவதைச் சனங்களின் மோகம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. 2010-ல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்குவதை இலக்காக வைத்தது. 2011-ல் ஜெயலலிதா அரசின் பசுமை வீடு திட்டம் 300 சதுர அடியில், ஆண்டுக்கு 60,000 வீடுகள் என்று வந்தது. 2024-ல் கலைஞரின் கனவு இல்லம்: 360 சதுர அடி, அதில் 300 சதுர அடி கான்கிரீட் தளம், வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய், 2030-க்குள் எட்டு லட்சம் வீடுகள். கட்சி மாறினாலும் கான்கிரீட் மாறவில்லை. பல நூற்றாண்டு காலம் மறுக்கப்பட்ட ஒன்றைக் கையில் கொடுத்தால் யாரும் வெப்பக் கடத்துதிறன் பார்த்து வாங்குவதில்லை. அது நியாயமும்கூட.

1996-ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. அந்த ஆண்டு மே மாதம் ஹூண்டாய் மோட்டார் இந்தியா நிறுவனம் பதிவானது. இருங்காட்டுக்கோட்டையில் ஆலை எழுந்து 1998-ல் கார்கள் வெளிவந்தன. அதே 1996 டிசம்பரில் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா திறக்கப்பட்டது. லாரி பேக்கர் வடிவமைப்பில், பல ஊர்களிலிருந்து பழைய வீடுகளைப் பிரித்து எடுத்து வந்து திரும்ப எழுப்பிய அருங்காட்சியகம். செட்டிநாட்டு வீடு, அக்ரஹாரத்து வீடு, விவசாயி வீடு எல்லாம் அங்கே இருக்கின்றன. நல்ல முயற்சி, எத்தனை முறை போனாலும் எனக்கு அலுப்பதில்லை. ஆனால் ஏரியைப் பிரித்து எடுத்து வர முடியாதல்லவா?

அதற்குப் பிறகு நடந்தது இங்கே எல்லாருக்கும் தெரியும். நோக்கியா 2006-ல் வந்து 2014-ல் மூடிவிட்டுப் போனது. ஒரகடத்தில் ரெனோ-நிஸான், டைம்லர், ராயல் என்ஃபீல்டு. வல்லம்-வடகாலில் புதிய பூங்கா. ஆயக்கட்டு ஆலைக்கும் மனைப்பிரிவுக்கும் போனது. வயல் போன வருடமே வைக்கோலும் போனது. அறுப்பு முடிந்து சும்மா இருந்த கைகள் கம்பெனி பஸ்ஸுக்குப் போய்விட்டன. ஓலை முடைய ஆளில்லை, முடைந்தாலும் ஒரு கூரை மாற்றக் கொடுக்கும் கூலியில் ஷீட் வாங்கிப் போட்டுவிடலாம். வீட்டை யாரும் இடிக்கவில்லை. அதைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த வருடச் சுழற்சி நின்றது. நாலைந்து மழையில் சுவர் தானாக உட்கார்ந்தது.

மண் மட்டும் இன்னும் ஏரியிலிருந்து வெளியே போய்க்கொண்டுதானிருக்கிறது. இப்போது அதன் பெயர் சவுடு. முன்பு சுவராக நின்றது இப்போது லாரியில் போய்த் தாழ்வான வயலை மனையாக மேடேற்றுகிறது. 2017 மார்ச்சில் தமிழக அரசு குடிமராமத்துத் திட்டத்தை மணிமங்கலம் ஏரியில்தான் தொடங்கியது. சாளுக்கியப் புலிகேசியோடு பல்லவ நரசிம்மவர்மன் போரிட்ட அதே மணிமங்கலம். குடிமராமத்து என்பது குடிகளே ஏரியைப் பார்த்துக்கொள்ளும் பழைய வழக்கம். வண்டல் எடுத்தால் சுவருக்கு ஆகும், வயலுக்கு ஆகும் என்று இருந்தவரை குடிகளுக்கு ஏரியில் காரியம் இருந்தது. அந்தக் காரியம் போன பிறகு பெயரை மட்டும் மீட்பது கடினம்.

மேடு பள்ளத்தின் கணக்கு 2015-ல் வந்து கதவைத் தட்டியது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கத்தில் நொடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். அதற்கு மேலேயே, அடையாறு தொடங்கும் பக்கத்தில், முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. நத்தம் எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பழைய கணக்கர்கள் ஓலையில் எழுதி வைத்திருந்தார்கள். நாம் அதை மனைப்பிரிவு வரைபடத்தில் ஏற்றவில்லை.

லாரி பேக்கர் அடிக்கடி சொன்ன ஒரு செய்தி உண்டு. 1940-களில் காந்தியைச் சந்தித்தபோது, ஒரு வீட்டுக்கான பொருள்கள் எல்லாம் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும் என்று அவர் சொன்னாராம். அந்த அளவுகோலை ஒரகடத்தில் வைத்துப் பாருங்கள். எருமையூர் கிரஷரில் ஜல்லியும் எம்-சாண்டும், சாலையோரத்தில் ஹாலோ பிளாக், ரெடிமிக்ஸ், ஷீட். இப்போது ஐந்து மைலுக்குள் சுலபமாகக் கிடைப்பவை இவைதான். இவற்றை வைத்து இங்கே ஒரு புதிய வட்டார வீடு உருவாகியிருக்கிறது. பெயர், லைன் வீடு. நீளமாக ஒரே சுவர், பத்துப் பன்னிரண்டு கதவு, மேலே சிமென்ட் ஷீட், கோடியில் பொதுக் குளியலறை. உள்ளூர்ப் பொருள், உள்ளூர் மேஸ்திரி, குறைந்த செலவு, சுற்றுப்புறத் தேவைக்கு உடனடிப் பொருத்தம். பாரம்பரிய வீட்டுக்குச் சொல்லும் இலக்கணம் எல்லாம் இதற்கும் பொருந்துகிறது, ஒன்றைத் தவிர. உள்ளே படுக்கிறவனை அது கணக்கில் எடுக்கவில்லை.

முன்னால் நினைவில் வைக்கச் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். பழைய வீடு பகலில் வெளியே இருந்து இரவில் காற்றாடத் தூங்கியவர்களுடையது. இந்த வழித்தடத்தில் ஆலைகள் இரவிலும் ஓடுகின்றன. நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர் காலை ஒன்பது, பத்து மணிக்குப் படுத்து மாலை வரை தூங்க வேண்டும். அதாவது, சூரியன் கூரை மேல் நிற்கும் அத்தனை நேரமும் அந்தக் கூரைக்கு அடியில் இருக்க வேண்டும். ஷீட் வெயில் பட்டதுமே கொதிக்கும். நாலைந்து அங்குலக் கான்கிரீட் தளமாவது மூன்று, நான்கு மணி நேரம் தாமதப்படுத்தும், ஆனால் மேற்பரப்பு கோடையில் 60 டிகிரியை நெருங்கி, மாலையிலிருந்து நடுராத்திரி வரை வாங்கிய சூட்டைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஒன்று பகல் தூக்கத்தைக் கெடுக்கும், மற்றொன்று ராத்தூக்கத்தை. விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து ஒப்பந்த வேலையில் இருக்கும் ஒரு தம்பி சொன்னான்: "பத்து மணிக்குப் படுத்தா பன்னெண்டுக்கு முழிப்பு வந்துடும்ணா. அப்புறம் பாயை நனைச்சுப் போட்டுத்தான் படுக்கிறது."

நான் எழுதும் மென்பொருள் ஆலைகளின் குளிரூட்டும் அமைப்புகளைக் கண்காணிப்பது. வாகனங்களுக்கு வண்ணம் பூசும் கூடத்தில் வெப்பமும் ஈரப்பதமும் ஒரு சின்ன எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பூச்சு கெட்டுவிடும், உடனே அலாரம் போகும். அதே கூடத்தில் வேலை பார்த்தவர் போய்த் தூங்கும் அறைக்கு அப்படி ஓர் எல்லை எந்தக் காகிதத்திலும் இல்லை.

தங்குமிடம் என்பது ஆலையின் விஷயமே இல்லை என்று இனியும் சொல்ல முடியாது. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் விடுதி உணவால் உடல்நலம் கெட்டதைக் கண்டித்து சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். தங்குமிடங்களும் உணவுக்கூடங்களும் தரத்துக்கு ஏற்றவையாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2024 ஆகஸ்டில் வல்லம்-வடகாலில் சிப்காட் 706.50 கோடி ரூபாயில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பைத் திறந்தது. சாலையை மறித்த பெண்கள் வென்ற வீடு என்றுதான் அதை நான் பார்க்கிறேன். ஆனால் லைன் வீடுகளில் இருப்பவர்களுக்கு அப்படி யாரும் கட்டித் தரப்போவதில்லை.

அவர்களுக்கு ஓலைக்கூரை திரும்பி வராது. வரவேண்டும் என்று நான் சொல்லவும் மாட்டேன். ஏரியிடமிருந்து அந்த வீடு கற்ற பாடத்தின் வரிசை மட்டும் வந்தால் போதும். முதலில் கூரை, பிறகு நிழல், பிறகு காற்று, கடைசியில்தான் சுவர். ஷீட்டின் மேல் வெள்ளைப் பிரதிபலிப்புப் பூச்சு அடித்தால் உள்ளே சில டிகிரி குறையும். ஷீட்டுக்குக் கீழே ஓர் அடி இடைவெளி விட்டு இன்னொரு தட்டு கொடுத்து, இரண்டு பக்கமும் காற்றுப் போக விட்டால் இன்னும் குறையும். நாட்டு ஓட்டின் இரண்டு அடுக்கு செய்த வேலை அதுதான். மேற்குச் சுவருக்கு ஒரு தாழ்வாரம். இவை எதுவும் பெரிய செலவில்லை.

தெலங்கானா 2023-ல் குளிர்கூரைக் கொள்கை ஒன்றைக் கொண்டுவந்தது. அரசுக் கட்டடங்களுக்கும் பெரிய கட்டடங்களுக்கும் கட்டாயம், சிறிய வீடுகளுக்கு விருப்பம். அதிகம் சுடுவது அந்தச் சிறிய வீடுகள்தான். தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறப்புக்கு நான்கு லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. இறந்த பிறகு கொடுக்கும் கணக்கு இருக்கிறது. ஒரு லைன் வீட்டுக்குக் கதவு எண் கொடுக்கும்போது, வரி போடும்போது, ஆலையின் ஒப்பந்ததாரர் அதை மொத்தமாக வாடகைக்கு எடுக்கும்போது, கூரையின் அடியில் மதியம் இரண்டு மணிக்கு எத்தனை டிகிரி என்று எழுத ஒரு கட்டம் வேண்டும். பர்னார்டின் ஆட்கள் ஏரியையும் மனையையும் ஒரே அட்டவணையில் எழுதினார்கள். நாம் ஆலையையும் அதில் வேலை செய்கிறவர் தூங்கும் அறையையும் ஒரே அட்டவணையில் எழுத வேண்டும்.